மாதம் இரண்டு கிலோ

அக்காவிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளுக்குள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறார் என்று தெரியும். பிறகு ஒரு எண்ணைச் சொல்வார். நாம் எதிர்பார்த்ததைவிட அது எப்போதும் சின்னதாகவே இருக்கும்.

பெங்களூர் பீன்யாவில் வண்டிகளுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம்; லைனில் எல்லோருக்கும் அவர் அக்காதான். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அக்காவுக்கு என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது கூடுதல். ஆணிகள் அடித்த நீண்ட பலகையின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்று, நிறம் பார்த்து ஒயர்களைப் பிரித்து, டேப் சுற்றிக் கட்டுவோம். காலையில் சூப்பர்வைசர் வந்து எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். இன்று நூற்று இருபது கட்டு ஆகுமா? எல்லோரும் ஆகும் சார் என்று தலையாட்டுவோம். அக்கா மட்டும், "தொண்ணூத்தாறு ஆகும் சார்" என்பார். சாயங்காலம் எங்கள் பெட்டிகளில் எழுபதும் எண்பதும் கிடக்கும். அக்காவின் பெட்டியில் தொண்ணூற்றாறு இருக்கும். முதலில் கோபப்பட்ட சூப்பர்வைசர், லாரி எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதைக்கூடப் பிறகு அக்காவிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார்.

என் நாத்தனாரின் கல்யாணத்துக்கு நான் கூப்பிட்டபோதும் அப்படித்தான். "முகூர்த்தத்துக்கு முடியாதும்மா. சாயந்தரம் வரேன். அரை மணி நேரம் இருப்பேன்" என்றார். வந்தார், அரை மணி நேரம் இருந்தார், போனார். என் மாமியாருக்கு அது பெரிய வருத்தம். எனக்கு என்னவோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நாற்பது பேரைவிட அந்த அரை மணி நேரம் பிடித்திருந்தது.

அக்கா பருமனானவர். உயரம் ஐந்தடிதான். எடை எண்பத்து நான்கு. எங்கள் லைனில் பாதிப் பேர் குண்டுதான். நின்றபடி வேலை செய்தாலும் கால் நகராது. மத்தியானம் கேன்டீனில் தட்டு நிறையச் சோறு, நான்கு மணிக்கு டீயும் போண்டாவும். நான் எழுபத்தாறு கிலோ. குழந்தை தங்காததற்கு எடையும் ஒரு காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீபாவளிக்குள் பத்து கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்று லைன் முழுக்கச் சவால் விட்டு, ஒன்பது நாள் வேகவைத்த முட்டையையே தின்றேன். பத்தாவது நாள் கேன்டீனில் பிசிபேளாபாத் போட்டார்கள். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன்.

அக்கா வெளியில் காத்திருந்தார். "உன்னால எதை விட முடியும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"நாலு மணி போண்டா."

"எல்லா நாளுமா?"

யோசித்துப் பார்த்தேன். "சனிக்கிழமை விட முடியாதுக்கா."

"அப்ப அதை அப்படியே சொல்லு. சனிக்கிழமை தவிர."

அக்கா தன் எடையைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தம்பி சந்தாபுராவில் மனைவியோடு இருந்தார். டெம்போ ஓட்டுபவர். அக்காவுக்கு நேர் எதிரான ஆள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பார், வரமாட்டார். மழைக்கு முன்னால் உன் வீட்டு ஓட்டைச் சரிசெய்து தருகிறேன் என்பார், மூன்று மழைக்காலம் போகும். கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. "அவன் பொய் சொல்றவன் இல்ல. சொல்லும்போது நெஜமாவே செய்யணும்னுதான் நினைப்பான்" என்று அக்கா சொல்வார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போக ஆரம்பித்த பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, முகம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

மனைவிக்குச் சர்க்கரை. அவரால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. அக்காவின் ரத்தம் பொருந்தியது. அக்காவின் கணவர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர் செக்யூரிட்டி வேலையில் இருந்ததால் லீவு கிடைக்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நான் போனேன். தம்பியும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. எடைதான் ஜாஸ்தி. இந்த எடையில ஒரு கிட்னியை எடுத்துட்டா பின்னால உங்களுக்கே கஷ்டம். எழுபதுக்கு வாங்க, அப்புறம் பண்ணலாம். எத்தனை நாள்ல முடியும்?" என்றார்.

அக்கா உதட்டைக் கடித்தார். தம்பியின் மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசம் ரெண்டு கிலோ முடியும் மேடம். ஏழு மாசம்."

தம்பியின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "எல்லாரும் ஒரு மாசம்னு சொல்லிட்டுப் போவாங்க, திரும்பி வரமாட்டாங்க. நீங்க சொல்றதுதான் சரி. அவசரப்படாதீங்க."

தம்பி சிரித்தார். "அக்கா ஏழுன்னா ஏழுதான். எட்டாவது மாசம் நானே வண்டி ஓட்டிட்டு உங்க கம்பெனிக்கு வரேன், பாருங்க" என்று என்னிடம் சொன்னார்.

உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். ஓட்ஸ், ஏதேதோ விதைகள், பேர் தெரியாத காய்கள். அக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க கேன்டீன்ல இதெல்லாம் போட மாட்டாங்கம்மா. சோறும் சாரும் பல்யாப் பொரியலும் மோரும்தான். அதுல எவ்வளவு திங்கலாம்னு சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் கொஞ்சம் திகைத்து, பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். சோறு பாதி. காய் இரண்டு மடங்கு. முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம். டீயில் சர்க்கரை வேண்டாம். தினம் முக்கால் மணி நேரம் நடை.

நடைக்குத் தனியாக நேரம் ஏது? ஜாலஹள்ளி கிராஸிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து கம்பெனிவரை நடப்பது என்று முடிவு செய்தோம். லாரிகள் வரிசையாக நிற்கும் ரோடு. ஓரமெல்லாம் இரும்புத்தூளும் எண்ணெயும். முதல் வாரம் அக்கா பாதி வழியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தார். நான் பேசிக்கொண்டே நடப்பேன். அவர் பேசமாட்டார். மூச்சைச் சேர்த்து வைக்கிறேன் என்பார்.

திங்கட்கிழமை காலையில் டிஸ்பாட்சில் இருக்கும் பெரிய தராசில் ஏறுவோம். பார்சல் எடை போடும் தராசு அது. அங்கிருந்த கன்னடக்கார அண்ணன், "பன்னி அக்கா, நில்லி" என்று, அதாவது வாங்க, நில்லுங்க என்று கூப்பிட்டு, பெட்டிகளை நகர்த்தி இடம் கொடுப்பார். முதல் மாத முடிவில் எண்பத்திரண்டு. இரண்டாவது மாதம் எண்பது. அக்கா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. சரியான ஒயரைச் சரியான ஆணியில் மாட்டியவர் போல இறங்கிவருவார். எனக்கும் மூன்று கிலோ குறைந்திருந்தது. நான் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது மாதம் முடியும்போது எழுபத்தெட்டு. அந்த வாரம்தான் மத்தியானம் தம்பியின் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"இவரால இப்ப மாடிப்படி ஏற முடியலக்கா. டயாலிசிஸ் முடிஞ்சா ரெண்டு நாள் எழுந்துக்கறதே இல்ல. அண்ணிகிட்ட கேட்டா ஏழு மாசம்னு சொன்னேனேங்கறாங்க. நான் என்ன, சேலையா கேக்கறேன், அப்புறம் குடுங்கன்னு சொல்றதுக்கு? நீங்க சொன்னா கேப்பாங்க."

மறுநாள் நடந்துபோகும்போது நான் அக்காவிடம் பேசினேன். நான்கு மாதத்தில் இருபது கிலோ குறைத்தவர்களின் வீடியோக்களைப் பார்த்திருந்தேன். அதையெல்லாம் சொன்னேன். அக்கா ரோட்டைப் பார்த்தபடி நடந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"தம்பி உசுரைவிட உங்க கணக்கு பெருசாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கம்பெனி கேட்வரை அதே வேகத்தில் நடந்தார்.

அடுத்த வாரம் கேன்டீனில் அவர் தட்டைப் பார்த்தேன். வெள்ளரிக்காய் நான்கு துண்டு, ஒரு டம்ளர் மோர். சோறு இல்லை, பயறு இல்லை. சாயங்காலமும் ஜாலஹள்ளி கிராஸ்வரை நடக்க ஆரம்பித்தார். அந்தத் திங்கட்கிழமை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை இன்னொரு இரண்டு. டிஸ்பாட்ச் அண்ணன் கைதட்டினார். நானும் கைதட்டினேன். நான் சொன்னது பலித்ததென்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

நான்காவது வாரம் ஒரு காலை, நடந்துகொண்டிருந்த அக்கா நின்றிருந்த ஒரு லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். என்னவென்று கேட்பதற்குள் மடிந்து உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். உதடு வெள்ளையாக இருந்தது. டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ரத்தப் பரிசோதனையில் அக்காவின் சிறுநீரகமே களைத்துப்போயிருந்தது தெரிந்தது. சரியாகிவிடும், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவருக்குக் கோபம்.

"அவசரப்படக் கூடாதுன்னு தெரிஞ்சுதானே ஏழு மாசம்னு சொன்னீங்க? உங்க உடம்பைக் கெடுத்து உங்க தம்பிக்குக் குடுக்க நான் விடமாட்டேன். ஒழுங்கா சாப்பிடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கலாம்."

அக்கா தலையாட்டினார். என்னால் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

பாதிச் சோறும் பயறும் திரும்பின. எழுபத்து மூன்றுவரை போன எடை எழுபத்தாறுக்கு ஏறியது. அங்கிருந்து மறுபடியும் மாதம் இரண்டு கிலோ. ஆறாவது மாதம், ஏழாவது மாதம் என்று போயின. ஏழு மாதம் முடிந்த திங்கட்கிழமை அக்கா எழுபத்திரண்டில் இருந்தார். டெஸ்டுகள் நல்லபடியாக வந்திருந்தன. இன்னும் ஒரு மாதம்தான் என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை காலையில் இறந்துவிட்டார்.

சந்தாபுராவில் ஒற்றை அறை வீடு. உடலை வாசலில் பெஞ்சுமேல் கிடத்தியிருந்தார்கள். தம்பியின் மனைவி யாரையும் பார்க்கவில்லை. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, தம்பியின் கழுத்தில் குழாய் இருந்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் பிரிந்த ஓரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் உறவுக்காரப் பெண் அழுது முடித்துவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. அக்காவின் கையைத் தடவி, மெதுவான குரலில் கேட்டார்.

"எப்படிம்மா இவ்வளவு இளைச்சே? ஆளே மாறிட்டே. எனக்கும் முட்டி வலி உயிர் போவுது. என்ன சாப்பிடறே?"

நான் எழுந்துபோய் அந்த அம்மாளை வேறு பக்கம் அழைத்துப்போக நினைத்தேன். அதற்குள் அக்கா அவர் பக்கம் திரும்பினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது அவருக்குத் தெரியாது.

"சோறு பாதி" என்றார். "காய் ரெண்டு பங்கு. பயறு ஒரு கிண்ணம். காலையில முக்கால் மணி நேரம் நடக்கணும். மாசம் ரெண்டு கிலோதான் குறையும். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது."

குரல் உடையவில்லை. அந்த அம்மாள் சரி, சரி என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அக்கா வேலைக்கு வந்தார். திங்கட்கிழமை டிஸ்பாட்சைக் கடக்கும்போது அந்த அண்ணன் வழக்கம்போலப் பெட்டிகளை நகர்த்தினார். அக்கா, "பேடண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்தார். வேண்டாம் என்று அர்த்தம். அவர் பெட்டிகளைத் திரும்ப வைக்காமல் வெகுநேரம் நின்றிருந்தார்.

அதன்பிறகு அக்காவிடம் ஒரு மாற்றம் வந்தது. சூப்பர்வைசர் எத்தனை ஆகும் என்று கேட்டால், "பாக்கலாம் சார்" என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது சூப்பர்வைசர் தனக்குத்தான் காது கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டார். பாக்கலாம் சார். சாயங்காலம் அவர் பெட்டியில் அதே தொண்ணூற்றாறு இருக்கும். ஆனால் வாயிலிருந்து எண் வரவில்லை.

நான் ஓயாமல் கணக்குப் போட்டேன். அக்காவை அவர் போக்கில் விட்டிருந்தால், ஏழு மாதம் முடிந்த திங்கட்கிழமை எழுபதுக்கு வந்திருப்பார். தம்பி அதன்பிறகு மூன்று வாரம் உயிரோடு இருந்தார். எழுபதைத் தொட்டாலும் கமிட்டி, அனுமதி, கையெழுத்து என்று இன்னும் பல வாரங்கள் போயிருக்கும் என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம். அந்த மூன்று வாரம் என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன். அக்கா டேப்பை அறுத்துக்கொண்டு, "அந்தப் பச்சை ஒயரை எடு" என்பார். பிறகு எனக்குக் கர்ப்பம் தங்கியது. ஏழாவது மாதத்தில் வேலையை விட்டேன். அக்கா ஒரு டப்பாவில் முளைகட்டிய பயறு கொண்டுவந்து கொடுத்து அனுப்பிவைத்தார். அதன்பின் கம்பெனியும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. தொடர்பு விட்டுப்போனது.

போன கார்த்திகையில் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் கீரைக்காரியின் முன்னால் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு ஏறவில்லை. அதே மெலிவு. என்னைப் பார்த்ததும் என் மகளைப் பற்றி விசாரித்தார். ஸ்கூல் போகிறாள் என்றேன்.

"இப்பவும் நடக்கறீங்களாக்கா?"

"நடக்கறேன். விட முடியலை." கீரைக்கட்டைத் தண்ணீர் வடிய உதறினார். "ரெண்டும் எங்கிட்டயே இருக்கு. நல்லா இருக்குன்னு போன மாசம்கூட டெஸ்ட்ல சொன்னாங்க."

அப்போதுதான் கேட்டேன். கூட்டத்துக்கு நடுவே, ஆட்கள் இடித்துக்கொண்டு போக, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். நான் அன்று அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றேன்.

அக்கா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"நீ சொன்னப்புறம் நாலு நாள் நான் எதையும் மாத்தலை. அதே பாதிச் சோறு தின்னுட்டுதான் இருந்தேன். நீதானே பக்கத்துல உக்காந்திருந்தே?"

எனக்கு நினைவில்லை.

"அஞ்சாவது நாள் அவன் போன் பண்ணான். அவன் பொண்டாட்டி ஏதோ உங்கிட்ட அழுதிருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சிடுச்சு. 'நீ நிதானமா கொறைக்கா. அவ பேச்சைக் கேக்காதே. எத்தனை மாசமானாலும் நான் இருப்பேன்'னான்."

கீரையைப் பையில் வைத்தார்.

"அவன் வரேன்னு சொன்ன எடத்துக்கு எப்பம்மா வந்திருக்கான்? எல்லாம் பேச்சுதான். அவன் இருப்பேன்னு சொன்னா, இருக்கமாட்டான்னுதான் எனக்குப் பட்டுச்சு. அன்னிக்குத்தான் சோத்தை விட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். பையின் ஈரம் என் விரல்களில் பட்டது. அக்கா கையை எடுத்துக்கொள்ளவில்லை. பூக்கடை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திருக்கலாம் இல்ல" என்றார். "இந்த ஒண்ணை மட்டும் அவன் சொன்னபடி செஞ்சிருக்கலாம்."